உருளைக்கிழங்கின் தோல்

ஒரு சிறு கணக்கோடு தொடங்குகிறேன். மாணவ நேயர்கள் கையில் பென்சிலும் தாளும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஓர் உருளைக்கிழங்கு இருக்கிறது. அது பந்தைப்போல் உருண்டையானது; அதன் விட்டம் 6 செண்டிமீட்டர். அதன் தோலை 1 மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவி எறிகிறோம். கிழங்கில் எத்தனை பங்கு போகும்? மிக மெல்லிய தோல்தானே, நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் போகும் என்று தோன்றும். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. சீவிய கிழங்கின் விட்டம் 5.8 செண்டிமீட்டர். 5.8ஐ 6ஆல் வகுத்து, வந்த எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள். ஏறத்தாழ 0.90 வரும். ஆகவே, கிழங்கில் பத்தில் ஒரு பங்கு தோலோடு போய்விட்டது. இனி, கை கொஞ்சம் அவசரப்பட்டு 3 மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 5.4 ஆகிறது. 5.4ஐ 6ஆல் வகுத்தால் 0.9. அதை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 0.729. நூற்றில் 27 பங்கு குப்பைக்குப் போகிறது!

ஒரு மாணவர் விடுதியில் ஒரு வேளைச் சமையலுக்கு 20 கிலோகிராம் கிழங்கு வாங்குகிறார்கள். மெல்லிதாகச் சீவினால் ஏறத்தாழ 2 கிலோகிராம் கழியும். தடிப்பாகச் சீவினால் 5 கிலோகிராமுக்கு மேல் கழியும். இடையே உள்ள வேறுபாடு 2 மில்லிமீட்டர்தான். அந்த 2 மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோகிராம் உணவு மறைந்துவிடுகிறது. கிழங்கு சிறியதாக இருந்தால் இழப்பு இன்னும் மிகும். வகுப்பறையில் கன அளவு பற்றிய பாடத்தைக் கற்கும்போது இது எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. அடுப்பங்கரையில் உதவும் என்பது என் விடை.

உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவது பற்றி ஒரு பேச்சா என்று சிலர் நகைக்கக்கூடும். இந்த வேலையை உலகம் தாழ்வாகவே எண்ணி வந்திருக்கிறது. மேனாட்டுப் படைகளில் சிறு குற்றம் செய்த வீரனைச் சமையற்கூடத்திற்கு அனுப்பி, மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கைச் சீவச் செய்தார்கள். அறிவு வேண்டாத வேலை, கை மட்டும் போதும் என்று கருதியதனால் அன்றோ அதைத் தண்டனையாக விதித்தார்கள்? அந்தக் கருத்து சரியானதா என்று இன்று பார்ப்போம்.

முதலில், தோல் என்பது என்ன? உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைந்தாலும் வேர் அன்று. அது பருத்த தண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேர். ஆகையால் அதில் கண்கள் இல்லை. உருளைக்கிழங்கில் நாம் கண் என்று சொல்லும் குழிகள் தண்டின் கணுக்கள்; அவற்றில் இருப்பவை மொட்டுகள். கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அந்த நீர் வெளியே போய்விடாமல் காக்கும் போர்வையே தோல். மரப்பட்டையில் உள்ள தக்கையைப் போன்ற உயிரணுக்களால் அது அமைந்திருக்கிறது. சீவிய கிழங்கு ஒன்றையும் சீவாத கிழங்கு ஒன்றையும் இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீவியது சுருங்கி வாடிப்போகும். சீவாதது வாங்கியபடியே இருக்கும். அத்தனை மெல்லிய போர்வை அத்தனை பெரிய காவலைச் செய்கிறது.

இளங்கிழங்கில் இந்தப் போர்வை இன்னும் இறுகியிராது. கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்து வரும். அதற்குக் கத்தியே வேண்டியதில்லை. சொரசொரப்பான துணி போதும். திருநெல்வேலி, குமரி மாவட்டங்களில் சிறுகிழங்கைக் கோணிச்சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்கும் வழக்கம் உண்டு. கத்தியால் சீவினால் அந்தச் சின்னஞ்சிறு கிழங்கில் என்ன மிஞ்சும்? நாம் சற்றுமுன் போட்ட கணக்கை அந்த ஊர்ப் பெண்கள் தாளில் போட்டதில்லை. ஆனால் விடையை அறிந்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, எப்போதும் மெல்லிதாகச் சீவுவதே சிக்கனம், அதுவே அறிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆழமாக வெட்ட வேண்டிய இடமும் உண்டு. கிழங்கையே எறிந்துவிட வேண்டிய வேளையும் உண்டு.

நான் சில காலம் ஒரு விடுதியின் உணவுக்குழுவில் இருந்தேன். அங்கே காய்கறி நறுக்கும் வேலையில் முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் சீவும் தோல் கண்ணாடித் தாள்போல் மெல்லிதாக இருக்கும். ஒரு நாள் அவர் கூடையில் பாதிக் கிழங்கை ஒதுக்கி வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்து பார்த்து, இப்படி வீணாக்கினால் விடுதி என்ன ஆவது என்று கடிந்துகொண்டார். அம்மையார் ஒரு கிழங்கை எடுத்துக் காட்டி, "தோல் பச்சை ஓடியிருக்குது ஐயா. இது கசக்கும். பிள்ளைங்க வயித்துக்கு ஆகாது" என்றார். மேற்பார்வையாளர் ஏற்கவில்லை, அரிசியையும் பருப்பையும் போல் எடைபோட்டு வாங்கிய பொருளை எறிவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. குழு கூடிப் பேசிய பிறகே அந்தக் கிழங்குகள் குப்பைக்குழிக்குப் போயின. அம்மையார் சொன்னது முற்றும் உண்மை. ஏன் உண்மை என்பதைத்தான் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

உருளைக்கிழங்கு தண்டு என்று சொன்னேன் அல்லவா? தண்டின் மேல் வெளிச்சம் பட்டால் பசுமை ஏறும். கடையிலோ வீட்டிலோ கிழங்கு வெளிச்சத்தில் கிடந்தால் தோலுக்கு அடியில் பச்சையம் உண்டாகிறது. சூரிய ஒளி வேண்டும் என்பதில்லை. மின்விளக்கின் ஒளியே போதும். பச்சையத்தால் தீங்கு இல்லை. கீரை முழுவதும் பச்சையந்தானே? ஆனால் அதே வெளிச்சம் கிழங்கில் ஸோலனின், சாக்கோனின் என்னும் கசப்பான நச்சுப் பொருள்களையும் பெருகச் செய்கிறது. இவை பூச்சிகளிடமிருந்தும் நோய்களிடமிருந்தும் செடி தன்னைக் காத்துக்கொள்ள அமைத்துக்கொண்ட படைக்கலங்கள். கிழங்கில் இவை சிறிதளவு எப்போதும் உண்டு. அதனால் கேடு இல்லை. 1 கிலோகிராம் கிழங்கில் 200 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. தோலிலும், தோலை ஒட்டிய பகுதியிலும், முளையிலும், கண்களைச் சுற்றியும் இவை மிகுதியாகச் சேர்கின்றன. பச்சை நிறம் நஞ்சு அன்று. நஞ்சு பெருகியிருக்கலாம் என்று காட்டும் கொடி.

வேகவைத்தால் நஞ்சு போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. கொதிக்கும் நீரின் சூடு இவற்றை அழிப்பதில்லை. எண்ணெயில் பொரித்தாலும் நம்பியிருப்பதற்கில்லை. இங்கே அடுப்பு உதவாது; கத்திதான் உதவும். ஓரிடத்தில் மட்டும் பச்சை ஓடியிருந்தால் அவ்விடத்தை ஆழமாக வெட்டி நீக்க வேண்டும். முளையைக் கண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். கிழங்கு முழுவதும் பச்சையாக இருந்தாலும், சமைத்த பின் வாயில் கசந்தாலும், நாவில் எரிச்சல் தோன்றினாலும், தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

இது வெறும் அச்சம் அன்று. 1969ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் தென்பகுதியில் ஒரு பள்ளியில் பகலுணவு உண்ட 78 மாணவர்கள் நோயுற்றார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. அவர்களில் 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. சிலர் நினைவு தடுமாறிக் கிடந்தார்கள். காரணத்தைத் தேடியபோது, கோடை விடுமுறைக்கு முன்பு வாங்கி மீந்துபோன உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றைப் பள்ளி திறந்ததும் சமைத்திருந்தது தெரியவந்தது. நற்பேறாக மாணவர்கள் அனைவரும் பிழைத்துக்கொண்டார்கள். இந்நிகழ்ச்சியை ஆராய்ந்த மருத்துவர்களின் கட்டுரை 1979இல் வெளிவந்தது. அதைப் பற்றி நான் படித்தபோது விடுதியில் கூடையை ஒதுக்கி வைத்த அம்மையாரின் முகமே என் கண்முன் நின்றது. அவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது; தடுக்கப்பட்ட நோயை யாரும் எழுதி வைப்பதில்லை.

கசப்புக் கிழங்கோடு மனிதன் நடத்திய போராட்டம் மிகப் பழமையானது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரே உருளைக்கிழங்கின் தாயகம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள் காட்டில் முளைத்த கசப்புக் கிழங்குகளைப் பொறுக்கிப் பயிரிட்டு உண்ணத்தக்க உணவாக ஆக்கினார்கள். மிக உயர்ந்த மலைச்சரிவுகளில் கசப்பு நீங்காத வகைகளே உறைபனியைத் தாங்கி விளைந்தன. அவற்றை அவர்கள் என்ன செய்தார்கள்? இரவில் உறைபனியில் பரப்பி வைத்தார்கள். பகலில் வெயில் பட்டு இளகியதும் காலால் மிதித்தார்கள். தோல் கழன்றது, நீர் பிழிந்து வெளியேறியது. சிலவகைகளை ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்துக் கசப்பைப் போக்கினார்கள். பின்பு உலர்த்தினால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. சூன்யோ என்பது அந்த உலர்கிழங்கின் பெயர். இன்றும் பெரு, பொலிவியா நாடுகளில் அதைச் செய்கிறார்கள்.

அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற கிழங்கு, பின்னர்க் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. நீலகிரியில் அதைப் பயிரிடத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் காலத்தில். அந்த மலைக்கிழங்கு மேட்டுப்பாளையச் சந்தையின் வழியாகத் தமிழகத்து ஊர்களுக்குப் பரவியது. புதிதாக வந்த இந்தக் கிழங்குக்குத் தமிழன் வேற்றுமொழிப் பெயரைக் கடன் வாங்காமல் அதன் வடிவத்தையே பெயராக இட்டான். கத்தரி, தக்காளி, மிளகாய், சுண்டை, மணத்தக்காளி ஆகிய எல்லாம் இதன் உறவினங்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். புகையிலையும் இக்குடும்பமே. ஒரே குடும்பத்தில் உணவும் மருந்தும் நஞ்சும் பிறந்திருக்கின்றன.

மீண்டும் அடுக்களைக்கு வருவோம். சீவிய கிழங்கைச் சற்று நேரம் வைத்தால் பழுப்பு ஏறுகிறது. ஏன்? கத்தி பட்டதும் உயிரணுக்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் வேறு சில பொருள்களும் ஒன்றுகூடுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயு வந்து சேர்ந்ததும் நிறம் மாறுகிறது. வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் நறுக்கியதும் நம் வீடுகளில் மோர் கலந்த நீரில் போடுவதும் இதனாலேயே. நீர் காற்றைத் தடுக்கிறது. மோரின் புளிப்பு நொதியின் வேகத்தை அடக்குகிறது.

மாணவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே கிழங்கில் நான்கு துண்டுகள் நறுக்குங்கள். ஒன்றைத் தட்டில் வெறுமனே வையுங்கள். ஒன்றை நீரில் மூழ்கச் செய்யுங்கள். ஒன்றின்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவுங்கள். ஒன்றைக் கொதிநீரில் வேகவைத்து எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், முதல் துண்டே மிகவும் கறுத்திருக்கும். வெந்த துண்டு கறுக்காமைக்குக் காரணம், சூட்டில் நொதி செயலிழந்துவிடுவதே. நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிந்திருப்பது மாச்சத்து. பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள அயோடின் கரைசலில் ஒரு துளி அதில் விட்டால் கருநீலமாகும். வறுவலுக்கு நறுக்கிய கிழங்கை நீரில் அலசித் துடைத்த பிறகு எண்ணெயில் இடுவதற்கு இந்த மாவே காரணம். மேலே ஒட்டியுள்ள மாவு போனால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வேகும்.

ஆயினும் நறுக்கிய கிழங்கை நெடுநேரம் நீரில் போட்டு வைப்பது நன்றன்று. வைட்டமின் சி நீரில் கரைவது. நீரைக் கொட்டும்போது அதுவும் போகும். வேகவைத்து உண்ணும் கிழங்காயின், நன்றாகக் கழுவித் தோலோடு வேகவைத்து, பின்பு உரிப்பதே சிறந்தது. சத்து உள்ளேயே தங்கும். தோலும் தாள்போல் தனியே வரும். சூட்டில் உள்ளே இருக்கும் உயிரணுக்களைப் பிணைக்கும் பசை இளகிவிடுகிறது. தக்கையாலான தோலோ இளகுவதில்லை. ஆகவே, இரண்டும் எளிதில் பிரிகின்றன. கத்தியால் எவ்வளவு மெல்லிதாகச் சீவினாலும் இத்தனை மெல்லிதாக வராது. பெரிய கிழங்கை வேகவைப்பவர்கள் குளிர்ந்த நீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுவார்கள். கொதிக்கும் நீரில் போட்டால் நடுப்பகுதி வேகும் முன்பே மேற்பகுதி குழைந்து வெடித்துவிடும்.

புளிக்குழம்பில் கிழங்கைப் போடும் தாய்மார்கள் அது வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றுவார்கள். முன்னதாகவே ஊற்றினால் "கிழங்கு வேகாமல் விறைத்துப்போகும்" என்பார்கள். இதற்கும் காரணம் உண்டு. உயிரணுக்களைப் பிணைக்கும் பெக்டின் என்னும் பசை, புளிப்பு உள்ள நீரில் எளிதில் இளகுவதில்லை. அடுக்களையில் காலங்காலமாக வழங்கிய விதியை வேதியியல் இப்போது விளக்குகிறது. மசித்த கிழங்கைக் கையால் அல்லது மத்தால் மசிக்க வேண்டும். மின்னரைப்பானில் இட்டால் உயிரணுக்கள் கிழிந்து, மாச்சத்து வெளிப்பட்டு, பசைபோல் ஆகிவிடும். தோசைக்குள் வைக்கும் மசாலாவில் சிறு கட்டிகள் இருப்பதே சுவை.

கிழங்கை எங்கே வைப்பது என்பதையும் ஒரு சொல்லால் முடிக்கிறேன். இருளில், காற்றோட்டமுள்ள இடத்தில், சாக்கிலோ கூடையிலோ வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் நெடுநாள் வைத்தால் மாச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகிறது. அத்தகைய கிழங்கை வறுத்தால் விரைவில் கறுத்துக் கசக்கும். மாச்சத்து மிகுந்த உணவுகளை மிகுந்த சூட்டில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாவதை 2002ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்கள் வெளியிட்டார்கள். சர்க்கரை கூடினால் அதுவும் கூடும். பொன்னிறத்தில் எடுத்தல் வேண்டும், கருநிறத்தில் அன்று என்பது இப்போது சுவைக்கு மட்டும் உரிய விதி அன்று.

சத்து முழுவதும் தோலில்தான் உள்ளது என்று சிலர் சொல்லுவார்கள். அது மிகை. தோலில் நார்ப்பொருள் மிகுதி. மற்றச் சத்துகளில் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. பசுமை இல்லாத நல்ல கிழங்கை மண் போகக் கழுவித் தோலோடு உண்ணுவதில் தவறில்லை. உரித்து உண்ணுவதாலும் பேரிழப்பு இல்லை. தடிப்பாகச் சீவுவதுதான் இழப்பு.

1947ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஆல்பிரட் நெவெச்செர்சால் என்பவர் அலுமினியத் தகட்டை வளைத்து இலேசான தோல்சீவி ஒன்றை அமைத்தார். அலகு இப்படியும் அப்படியும் அசைந்து கிழங்கின் வளைவோடு செல்லும். அக்கருவியும் அதன் வழிவந்தவையும் உலகமெங்கும் பரவின. அலகின் பிளவு எவ்வளவு இடம் விடுகிறதோ அவ்வளவு கனமே தோலாக வரும். மெல்லிதாகச் சீவும் திறனைக் கருவிக்குள் வைத்துவிட்டார் அவர். ஆனால் எங்கே மெல்லிதாகச் சீவுவது, எங்கே ஆழமாக வெட்டுவது, எதை எறிந்துவிடுவது என்பதை எந்தத் தோல்சீவியும் அறியாது. அதைப் பார்த்து அறிவது கண். முடிவு செய்வது மனம். கை அவற்றின் ஏவலைச் செய்கிறது. அறிவு வேண்டாத வேலை என்று படைவீரனுக்குத் தண்டனையாகக் கொடுத்தவர்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த அறிவு பெண்களுக்கு மட்டும் உரியது என்று எந்த நூலும் விதிக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்து அயலூரில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள் பலர் முதன்முதலில் சமைக்க முயலுவது உருளைக்கிழங்கைத்தான். எளிதில் கிடைக்கும், எதனோடும் சேரும், பசியை ஆற்றும். அவர்கள் அலமாரியின் மூலையில் விடுமுறைக்கு முன் வாங்கிய கிழங்கு முளைவிட்டுக் கிடக்கும். அதை என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும்.

நாளைக் காலை உங்கள் வீட்டில் கிழங்கு நறுக்கப் போகிறார்கள் என்றால், அந்த வேலையை ஒரு நாள் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிழங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சீவிய தோலைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், அடுத்த கிழங்கில் கையைச் சற்று நிதானப்படுத்துங்கள். பச்சை ஓடிய கிழங்கு ஒன்று அகப்பட்டால், எடையைப் பற்றி எண்ணாமல் ஒதுக்கி வையுங்கள். ஏன் என்று வீட்டில் கேட்டால், காரணத்தைச் சொல்லுங்கள்.